கணக்கில் வராத ஆட்டம்

ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் மனைவி உங்கள் மகளிடம் தொலைபேசியில் சொன்னதாக அறிந்தேன். அது தவறு. கணவர் போய் நான்கு மாதம் ஆகவில்லை, கிழவி பந்து மைதானத்தில் உட்கார்ந்து அழுகிறாள் என்பதும் தவறு. மைதானத்துக்குப் போனது உண்மை. அழவில்லை. மூன்றாம் படியில் குடை பிடித்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆட்டம் பார்த்தேன், குறிப்பு எடுத்தேன், நடந்தே வீடு திரும்பினேன். என் உடல்நிலை பற்றிய விசாரிப்புக்கு இதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கால் எப்படி இருக்கிறது, கடைக்குப் போய் வருகிறீர்களா என்று எழுதவும்.

போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பருவம் தொடங்கும் முன்பு நம் அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, உங்கள் அண்ணன் ஆண்டுக்கு ஒரு கடிதம் உங்களுக்குப் போடுவார். அவர் சொல்லச் சொல்ல எழுதியது நான் என்பது என் கையெழுத்திலிருந்தே உங்களுக்குத் தெரியும். முப்பத்தெட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். அந்த ஆட்டத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்த ஆண்டு கடிதம் நின்றுபோகக் கூடாது என்று நினைத்தேன்.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் ஒரே அணி. பாதிப் பேருக்கு ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத மேல்சட்டை ஒன்றை மாட்டி, மற்றவர்கள் உனக்கு எதிரி என்று சொல்லிவிடுகிறார்கள். காலையில் ஒரே வண்டியில் வந்து இறங்கியவர்கள் பத்தாவது நிமிடத்தில் ஒருவர் விலாவில் ஒருவர் முழங்கையை வைக்கிறார்கள். பாதி ஆட்டத்தில் நெட்டை ஒருவன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டான். யாரும் அவனைத் துரோகி என்று சொல்லவில்லை.

கோல் எண்ணிக்கை காட்டும் பலகையைத் தார்ப்பாயால் மூடிவைத்திருந்தார்கள். முன்படியில் இருந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரிடம் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டேன்.

"யாரு எண்ணறாங்க? இது கணக்குல வராத ஆட்டம்மா."

"கணக்குல வராததுக்கா இப்படி இடிச்சுக்கறாங்க?"

"இதுலதான் இடி ஜாஸ்தி. பதினோரு பேருக்குத்தான் இடம், ஆளு இருபத்தஞ்சு. ஆமா, நீங்க எந்தக் கட்சி? ஆரஞ்சா, வெள்ளையா?"

"குடைக் கட்சி," என்றேன். அதன் பிறகு அவர் ஆட்டம் முடியும்வரை என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

நான் எண்ணினேன். ஆரஞ்சு மூன்று, வெள்ளை இரண்டு. புதிய கோல்காப்பாளர் கெட்டிக்காரர். ஆனால் வாய் அதிகம். இடது ஓரத்தில் ஆடும் சுருட்டைமுடிக்காரன் பந்து வேறெங்கோ இருக்கும்போது வேறெங்கோ ஓடுகிறான். சாக்ஸும் கணுக்காலில் சுருண்டு கிடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அண்ணி


ஜூலை 25

அண்ணிக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நீங்கள் நடந்தே வீடு திரும்பியதில் சந்தோஷம். நானும் நன்றாக இருக்கிறேன். கடை ஓடுகிறது. சாவியைத் தொலைக்கிறவர்கள் இருக்கும்வரை சாவி வெட்டுகிறவனுக்கு என்ன குறை?

அண்ணன் சொல்லும் கடிதத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தது, தரை ஈரமா என்று இருக்கும். உங்கள் கடிதத்தில் சாக்ஸ் இருக்கிறது. நெடுநாளுக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன், மகள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள்.

ஒரு திருத்தம். நீங்கள் எல்லாரையும் திருத்துவீர்கள், உங்களைத் திருத்த எனக்கு ஒரு வாய்ப்பு. சுருட்டைமுடிக்காரன் வழி தெரியாமல் ஓடவில்லை. பந்து இல்லாமல் ஓடுவதுதான் ஓரத்தில் ஆடுகிறவனுக்குப் பாதி வேலை. காவலுக்கு நிற்பவனைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போய், நடுவில் இடம் உண்டாக்கிக் கொடுக்கிறான். அடுத்த தடவை அவனைப் பார்க்காமல், அவன் விட்டுப்போன இடத்தைப் பாருங்கள். நானும் அப்படித்தான் ஓடினேன்.

ஒன்று கேட்க வேண்டும். தொலைபேசியில் கேட்க வாய் வரவில்லை. கடைசி நாட்களில் அண்ணன் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? அந்த ஆட்டத்தைப் பற்றி? எந்த ஆட்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள்
தம்பி


ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் நலம் என்று எழுதியதைப் படித்து நிம்மதி. எனக்கு வலது தோளில் சிறு பிடிப்பு. குடை பிடித்ததால் வந்தது. இப்போது இடது கையில் பிடிக்கிறேன்.

உங்கள் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். நேற்று இரண்டாவது பயிற்சி ஆட்டம். சுருட்டைமுடிக்காரனை விட்டுவிட்டு அவன் விட்டுப்போன இடத்தைப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுபோலவே நடுவில் ஒரு வழி திறந்தது. அதில் நெட்டை ஓடிவந்து கோல் போட்டான். எல்லாரும் நெட்டையின் முதுகில் தட்டினார்கள். சுருட்டைமுடிக்காரன் தூரத்தில் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நான் மட்டும் அவனுக்காகக் கை தட்டினேன். பேருந்து ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "பெரியம்மாவுக்கு ஆட்டம் பிடிபட்டுப்போச்சு," என்றார்.

பயிற்சியாளர் விசில் ஊதினால் எல்லாரும் நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். அவர் நடுவில் நடந்துபோய் ஒருவனின் தோளைப் பிடித்து இரண்டடி தள்ளி நிறுத்துகிறார். மறுபடி விசில், மறுபடி ஆட்டம். நேற்று ஒன்பது முறை ஊதினார். தரை ஈரம். காற்று தெற்கிலிருந்து அடித்தது, உங்களுக்காகக் குறித்துக்கொண்டேன். புல்லை இந்த ஆண்டு ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். தென்கோடிக் கோலின் வலையில் ஒரு கிழிசல். வெள்ளை நான்கு, ஆரஞ்சு ஒன்று.

மற்றவை பிறகு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அண்ணி


ஆகஸ்ட் 12

அண்ணிக்கு வணக்கம்.

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

வலையின் கிழிசல்வரை எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. பரவாயில்லை. முப்பத்தெட்டு வருஷம் பதில் இல்லாமல் இருந்து பழகிவிட்டது.

தம்பி


ஆகஸ்ட் 22

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். தோள் சரியாகிவிட்டது. உங்கள் கடிதம் மூன்று வரிதான். அதில் உங்கள் காலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதையும் கவனித்தேன்.

நேற்று கடைசிப் பயிற்சி ஆட்டம். இனி அடுத்த வாரம் வெளியணிகளோடு. நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டாம் பாதியில் சுருட்டைமுடிக்காரன் ஓரத்தில் பந்தோடு வந்தான். எதிரே காவலில் இருந்தவன் அணியிலேயே மூத்த ஆட்டக்காரன், தலை மொட்டை. சுருட்டை பந்தைத் தட்டி அனுப்பிவிட்டான். பந்து போய் வெகுநேரம் ஆகிவிட்டது. என் கண்ணுக்கே அது தெரிந்தது. பிறகுதான் மொட்டையின் கால் வந்தது. அந்தச் சத்தத்தை நான் இதற்கு முன் கேட்டதில்லை. காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து முறித்தது போல இருந்தது. நல்லவேளை, முறிந்தது சாக்ஸுக்குள் இருந்த காப்புத் தட்டுதான்.

பயிற்சியாளர் விசில் ஊதினார். எல்லாரும் அசையாமல் நின்றார்கள். மொட்டை மட்டும் நிற்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கீழே கிடந்தவனின் தலையைப் பிடித்துக் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். நாலைந்து சொல்தான் இருக்கும். சுருட்டை கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினான். மொட்டை இழுத்துத் தூக்கிவிட்டான். அவ்வளவுதான், ஆட்டம் தொடர்ந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மைதானம் பராமரிக்கிற பெரியவர் கோடு போடும் சுண்ணாம்பு வாளியோடு என் அருகில் நின்றிருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. "இதே ஓரந்தான்மா," என்றார்.

"எது?"

"அப்ப நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. அண்ணன் தம்பி ரெண்டு பேரு இருந்தாங்க. ஒண்ணா ஒரே வீட்லேர்ந்து வருவாங்க. இது மாதிரி பிரிச்சு விட்ட ஆட்டத்துல அண்ணன் கால வச்சான். தம்பிக்கு முழங்காலுக்குக் கீழ ரெண்டு துண்டு. அதோட அந்தப் பையன் ஆட்டம் முடிஞ்சுது. என்னா ஓட்டம் ஓடுவான் தெரியுமா."

"வேணும்னேவா வச்சாரு?" என்று கேட்டேன்.

"கிளப்புல கேட்டப்ப, பந்துக்குத்தான் போனேன்னு அண்ணன் சொன்னான். எழுதிக்கிட்டு விட்டுட்டாங்க. ஆனா அவன் எழுந்து தம்பி பக்கத்துல போகல பாருங்க. நின்ன எடத்துலயே நின்னான். அத நான் பாத்தேன்."

இதை உங்களிடம் மறைப்பது சரியல்ல என்று எழுதினேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடைசிப் பதினொரு நாள் அவருக்குப் பேச்சு இல்லை. எதுவும் சொல்லவில்லை. இது உண்மை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அண்ணி


செப்டம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதம் கடந்தும் பதில் இல்லை. தபால்காரரை விசாரித்தேன். என் பெயருக்கு வந்த எதையும் தாம் தொலைத்ததில்லை என்று சற்றுக் கோபமாகவே சொன்னார். நான் எழுதியது உங்களைப் புண்படுத்தியிருந்தால் அதை எழுதித் தெரிவிப்பதே முறை.

அணி மூன்று ஆட்டம் ஆடி இரண்டில் தோற்றது. சுருட்டைமுடிக்காரனைப் பதினோரு பேரில் சேர்த்திருக்கிறார்கள். மொட்டைக்கு இடம் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஆனாலும் சுருட்டை ஒவ்வொரு முறை ஓரத்தில் ஓடும்போதும் எழுந்து நிற்கிறான்.

நான் நலம். நீங்கள் நலமா?

அண்ணி


அக்டோபர் 8

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

அப்பாவுக்குப் பதிலாக நான் எழுதுகிறேன். எழுதக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அந்தப் பழைய கால்தான். எலும்பு முறிந்த இடத்தில் பல வருஷமாக உள்ளுக்குள்ளேயே சீழ் கோத்திருக்கிறது. மார்ச்சில் பெரியப்பா காரியத்துக்கு வராதபோது கடையில் வேலை என்று சொன்னார் இல்லையா, அது பொய். அப்போதே காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. கடையைச் சாத்தி ஏழு மாதம் ஆகிறது. "அண்ணிக்கு ஏற்கெனவே ஒரு துக்கம் போதும், என் காலையும் ஏன் அவங்க தலைல கட்டணும்?" என்றார். இனி மருந்தில் ஆகாது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்தெட்டாம் தேதி என்று குறித்திருக்கிறார்கள்.

அப்பா பயப்படவில்லை. "ஒரு செருப்புத்தான் தேயும், மிச்சம்தானே," என்று நர்ஸிடம் வம்பு பேசுகிறார். ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தார். பெரியப்பாவின் பழைய கடிதங்களையும் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னார். வெட்டாத சாவிகள் வைக்கும் தகர டப்பாவில் வரிசையாக வைத்திருக்கிறார், முப்பத்தெட்டும் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து நான் ஒன்றைக் கவனித்திருக்கிறேன் பெரியம்மா. பெரியப்பா கடிதம் வந்தால் அப்பா உறையைக் கிழித்ததும் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பார். எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றேதான், "உடம்பைப் பார்த்துக்கொள்." அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். ஒரு நாள் கழித்துத்தான் ஆட்டத்தைப் பற்றிய மற்றதெல்லாம். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார். உங்களுக்குத் தெரியுமா?

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தையல்காரர் மனைவி சொன்னதை நான் நம்பவில்லை.

உங்கள் மகள்


அக்டோபர் 13

அன்புள்ள மகளுக்கு,

நீ எழுதியது சரி. திட்டமாட்டேன்.

இத்துடன் ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. அதை உன் அப்பாவிடம் கொடு. கூடவே அவர் மூக்குக்கண்ணாடியையும் கொடு. நீ படித்துக் காட்ட வேண்டாம். வேறு யாரும் படித்துக் காட்ட வேண்டாம். அவரே படிக்க வேண்டும். கொடுத்துவிட்டு அறைக்கு வெளியே இரு. நீ கேட்டதற்கு அதில் பதில் இருக்கிறது. உனக்குச் சொல்வதா இல்லையா என்பது அவர் விருப்பம்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பெரியம்மா


அக்டோபர் 13

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் காலைப் பற்றி உங்கள் மகள் எழுதிவிட்டாள். அவளைக் கோபிக்க வேண்டாம்.

ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியை முதலில் படிப்பீர்களாம். அங்கே நீங்கள் தேடியது என்ன என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உங்கள் அண்ணன் அதைச் சொன்னார். நான் எழுதவில்லை.

முழுவதையும் சொல்கிறேன். நீங்கள் கட்டுப் போட்ட காலோடு ஊரைவிட்டுப் போன அடுத்த ஆண்டு, பயிற்சி ஆட்டம் முடிந்து வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதச் சொன்னார். நேரில் உங்களைப் பார்த்தால் அவருக்கு வாய் வராது. அது உங்கள் இருவருக்கும் பொதுவான குறை. ஆட்டத்தைச் சொல்லி முடித்தார். பிறகு அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்:

"தம்பி, பந்து போயிடுச்சுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கால வச்சேன். ரெண்டு தடவ என் காலுக்கு நடுவுல தட்டிட்டுப் போன, படியில எல்லாரும் சிரிச்சாங்க. அந்த ஆத்திரம். கிளப்புல கேட்டப்ப பொய் சொன்னேன். உன் பக்கத்துல வரக்கூட எனக்குக் கால் வரல. என்ன மன்னிச்சுடு."

பேனா என் கையில் இருந்தது. சபையில் உரக்க வாசிக்க முடியாத எதையும் காகிதத்தில் எழுதாதே என்று கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதப் பழக்கிய சிஸ்டர் சொல்வார். அதை நான் அன்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வசதியாகவும் இருந்தது. அந்த மாதம்தான் அவரைத் துணைப் பயிற்சியாளராக எடுப்பதாகக் கிளப்பில் பேச்சு. அந்தக் காகிதம் யார் கைக்காவது போனால் வேலை போய்விடும். அது ஒரு காரணம். என் கணவர் என் கையெழுத்தில் தலைகுனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அதுதான் பெரிய காரணம். "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று எழுதினேன். அது என் வரி, அவருடையதல்ல. அவர் நிறுத்தி நிறுத்தித்தான் படிப்பார், அதில் அவருக்குக் கூச்சம். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்," என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

நீங்கள் பதில் எழுதினீர்கள். ஆட்டத்தைப் பற்றி மட்டும். நான் அதை வாசித்துக் காட்டியபோது அவர் கேட்டார்: "வேற ஒண்ணும் எழுதலயா?" இல்லை என்றேன். அது உண்மைதான்.

அடுத்த ஆண்டு அவர் சொன்னது: "போன வருஷமும் எழுதினேன், நீ ஒண்ணும் சொல்லல. மறுபடியும் கேக்கறேன்." இதை எழுதினால் போன ஆண்டு நான் எழுதாதது தெரிந்துவிடும். எழுதவில்லை. மூன்றாம் ஆண்டும் கேட்டார். நான்காம் ஆண்டும் கேட்டார். ஐந்தாம் ஆண்டு, "அத எழுத வேணாம், விடு. அவனுக்கு மனசு வரல," என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீங்கள் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே வாழ்ந்தார். அவர் கேட்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு நீங்கள் வாழ்ந்தீர்கள். நடுவில் நான் காற்புள்ளி, முற்றுப்புள்ளி பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

பேச்சு போன அந்தப் பதினொரு நாளில் அவர் எதுவும் சொல்லவில்லை என்று எழுதினேன். சொல்லவில்லைதான். ஆனால் இடது கையைப் படுக்கை விரிப்பின் மேல் வைத்து எழுதுவது போல அசைத்தார். காகிதமும் பென்சிலும் கொண்டுவந்து விரல்களுக்கிடையே வைத்தேன். ஒரு கோடு இழுத்தார், பென்சில் விழுந்துவிட்டது. "உங்க தம்பிக்குத்தானே? நான் எழுதறேன்," என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அப்போது கொடுத்த வாக்கு. மைதானத்துக்குப் போனதற்கு உண்மையான காரணம் அதுதான். போய் உட்கார்ந்தால் எழுத வரும் என்று நினைத்தேன். சாக்ஸும் புல்லும் வலையின் கிழிசலும் வந்தன. மொட்டை அந்தப் பையன் காதில் சொன்னதைப் பார்த்த பிறகும், உங்களுக்குப் பாதி உண்மைதான் எழுதினேன். எனக்கு எழுபது வயது. பாதி உண்மையை முழு வாக்கியத்தில் எழுதும் பழக்கம் சுலபத்தில் விடுவதில்லை.

அந்தக் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு கோடு மட்டுமே இருக்கிறது. ஆனால் முப்பத்தெட்டுக் கடிதத்தில் எதிலும் இல்லாதது, அடியில் போட்ட கையொப்பம் போக அவர் கையால் உங்களுக்கு எழுதியது, அது ஒன்றுதான்.

என்னை மன்னிக்கும்படி கேட்க வரவில்லை. அதற்கு எனக்கு முறை வரிசையில் கடைசி இடம். அவர் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். மன்னிக்கிறேன் என்றாலும் சரி, முடியாது என்றாலும் சரி. இருபத்தெட்டாம் தேதிக்கு முன்பு, அந்தக் கால் உங்களோடு இருக்கும்போதே எழுதினால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பதில் வந்ததும், அவர் உட்காரும் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். ஒரு வரியையும் விடமாட்டேன்.

தொலைபேசியில் வேண்டாம். மகள் கையால் வேண்டாம். உங்கள் கையெழுத்தில் பதில் எழுதி அனுப்பவும்.

அண்ணி